பேப்பர் செய்தியும் வீட்டுத் தாழ்ப்பாளும்: ஐந்தடியில் கேட்ட கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பட்டணத்தில், கடைவரிசை ஐந்தடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் உள்ள நடைபாதையில், நாளிதழ் விற்கிறேன். அதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதி நேர நிருபர். எழுதியவனும் நான், விற்கிறவனும் நான் என்பதால் இரண்டு பக்கத்துக் குறையும் என்னிடம்தான் வரும். காலை ஆறரைக்குக் கட்டைப் பிரிக்கும்போதே ஒருவர் தலைப்பைப் பார்த்துவிட்டு "நாடு கெட்டுப் போச்சு" என்பார். பசியாறப் போகிற இன்னொருவர் நின்று தலையாட்டுவார். சந்தேகங்கள் வருஷக்கணக்காக ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கீழே போட்டிருக்கிறேன்.

அண்ணே, பேப்பர்ல வர்ற கொலை கொள்ளையெல்லாம் நெசமா நடந்ததுதானா?

பெரும்பாலும் நடந்ததுதான். குற்றச் செய்தி போலீஸ் சொல்லி வருகிறது, இல்லையென்றால் நீதிமன்றத்திலிருந்து வருகிறது. வயது முன்பின் இருக்கும், பெயரில் ஓர் எழுத்து போகும். ஆனால் இல்லாத கொலையை எவரும் அச்சடிப்பதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். என்ன நடந்தது என்று நாளிதழ் சொல்லும். அது எத்தனை நாளுக்கு ஒருமுறை நடக்கிறது, யாருக்கு நடக்கிறது என்று சொல்லாது. அந்தக் காலியிடத்தைப் படிக்கிறவர் மனசு தானே நிரப்பிக்கொள்ளும். பயம் அங்கேதான் உள்ளே நுழைகிறது.

அப்புறம் ஏன் முதல் பக்கத்துல எப்பப் பாத்தாலும் வெட்டுக்குத்து?

நான் எழுதிய காலத்துக் கதையைச் சொல்கிறேன். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிச் செய்தி அனுப்பினால் மூன்று நாள் கழித்து உள்பக்கத்தில் ஒரு மூலையில் வரும். பாராங் (நீளக் கத்தி) வெட்டு என்று ஃபோன் செய்தால் அந்தப் பக்கத்திலிருந்து உடனே, "படம் இருக்கா?" எத்தனை முறை இப்படி நடந்தால் ஒரு நிருபர் எதைத் தேடி ஓடக் கற்றுக்கொள்வார்? பகுதி நேரக்காரனுக்குச் சம்பளம் இல்லை, அச்சான செய்திக்குத்தான் காசு. நானும் பாலாய் எனும் போலீஸ் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிப் பிணவறைக்கும்தான் மோட்டாரை விட்டேன்.

தமிழ் நாளிதழுக்கு மட்டும் உரிய குணம் இல்லை இது. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் வட்டாரத்தில் ஜேசன் டிட்டனும் ஜேம்ஸ் டஃபியும் நாளிதழ்களை வைத்துக் கணக்குப் பார்த்து 1983-இல் வெளியிட்டார்கள். போலீஸ் பதிவில் நூற்றுக்கு 3 கூட வன்முறையோ பாலியல் குற்றமோ கிடையாது. நாளிதழ்களின் குற்றச் செய்தியில் மட்டும் நூற்றுக்கு 46 அவைதான். சைக்கிள் திருட்டு நடந்துகொண்டேதான் இருந்தது, எவரும் அதை எழுதவில்லை.

குத்தம் கூடிப்போச்சா, கொறைஞ்சு போச்சா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

பதிவான கணக்கின்படி, 2018 முதல் 2020 வரை குறைந்தது. மலேசியப் புள்ளிவிவரத் துறை வெளியிடும் குற்றக் குறியீட்டில் 2018-இல் 88,662 சம்பவங்கள், 2019-இல் 83,456, 2020-இல் 65,623. கடைசி எண்ணுக்குக் கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைதான் பெரிய காரணம். எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம், திருடனும்தான்.

அந்தக் குறியீட்டில் எது சேரும் என்பதையும் பாருங்கள். கொலை, பாலியல் வல்லுறவு, கொள்ளை, காயப்படுத்துதல் ஒரு பக்கம். வீடு புகுந்து திருடுவது, வண்டித் திருட்டு, பறிப்பு, மற்றத் திருட்டுகள் இன்னொரு பக்கம். போதைப்பொருள் வழக்கு அதில் வராது. ஃபோனில் போலீஸ்காரன் மாதிரி மிரட்டி இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) காசை உருவும் மக்காவ் மோசடியும் வராது. என்னிடம் பேப்பர் வாங்குகிறவர்களில் கொள்ளைக்காரனிடம் காசைப் பறிகொடுத்தவர்களைவிட ஃபோனில் பறிகொடுத்தவர்களே அதிகம். ஆனாலும் ஃபோன் அடித்தால் எவருக்கும் நெஞ்சு படபடப்பதில்லை. பின்னால் மோட்டார் சத்தம் கேட்டால் படபடக்கிறது.

அது போலீஸ் குடுக்கற கணக்குதானே? யாரு நம்புவா?

நியாயமான சந்தேகம். பாலாய்க்குப் போய் ரிப்போர்ட் கொடுத்தால்தான் அது கணக்கு. கேஸ் தோம்பு (சிலிண்டர்) காணாமல் போனதற்கு யார் ரிப்போர்ட் கொடுக்கிறார்கள்? தோட்டத்தில் இன்னமும், வேலையை மேற்பார்க்கும் தண்டலை நம்பி, "தண்டல்கிட்ட சொன்னேன், அவரு பாத்துக்கறேன்னாரு" என்கிற ஆள் உண்டு. ஆக, உண்மையான திருட்டு கணக்கைவிடக் கூடத்தான் இருக்கும்.

ஆனால் கொலையும் வண்டித் திருட்டும் அப்படி எளிதில் மறையாது. கொலையில் பிணம் இருக்கிறது. வண்டிக்குக் காப்புறுதிக் காசு கேட்க ரிப்போர்ட் வேண்டும். இந்த இரண்டையும் பார்த்தால் போக்கு ஓரளவு பிடிபடும். போலீஸ் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்பதற்காக நாளிதழ் முதல் பக்கத்தைக் கணக்காக எடுத்துக்கொண்டால், ஓட்டைப் பானையை வீசிவிட்டுச் சல்லடையில் தண்ணீர் மொண்ட கதைதான்.

நாலு செய்தி படிச்சா மனசு ஏன் அப்படியே நம்பிடுது? நாம என்ன சின்னப் பிள்ளையா?

சின்னப் பிள்ளை, பெரிய படிப்பாளி என்ற வித்தியாசம் இதில் இல்லை. சட்டென்று நினைவுக்கு வருவது எதுவோ அதுதான் அடிக்கடி நடக்கிறது என்று மனசு எடுத்துக்கொள்ளும். ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973-இல் இதை விளக்கி எழுதினார்கள். ஆறு வருஷம் கழித்து காம்ப்ஸ், ஸ்லோவிக் என்ற இருவர் அமெரிக்காவின் இரண்டு நாளிதழ்களை எடுத்து, எந்தச் சாவுக்கு எவ்வளவு இடம் தருகிறார்கள் என்று அளந்தார்கள். கொலைக்கும் விபத்துக்கும் அள்ளிக் கொடுத்திருந்தார்கள், நோய்ச் சாவுக்குக் கிள்ளிக் கூடக் கொடுக்கவில்லை. எது அதிகம் பேரைக் கொல்கிறது என்று மக்களைக் கேட்டபோது, அவர்கள் பதிலும் நாளிதழ் சாய்ந்த பக்கமே சாய்ந்தது.

நம் ஊருக்கு வாருங்கள். 2019-இல் மலேசியச் சாலைகளில் செத்தவர்கள் 6,167 பேர். பாதிக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். கொலை ஒரு வருஷத்துக்குச் சில நூறுதான். இருந்தும் மகன் இரவுப் பத்து மணிக்கு வெளியே கிளம்பினால் அம்மா "கெட்ட பசங்க இருப்பானுங்க, ஜாக்கிரதை" என்கிறார். ஹெல்மெட் வாரை மாட்டினானா என்று பார்ப்பதில்லை.

கோலாலம்பூர்ல வெட்டிக்கிட்டா ஒண்ணும் தோணல. பக்கத்துத் தாமான்ல (குடியிருப்பு) பறிச்சான்னா தூக்கம் போச்சு. இது என்ன அண்ணே?

இத்தனை வருஷத்தில் என்னிடம் வந்த கேள்விகளில் ஆகச் சிறந்தது இதுதான். கேட்டவர் பள்ளிக் கேண்டீனில் வேலை செய்யும் ஓர் அக்கா.

லிண்டா ஹீத் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-இல் இதற்கு விடை எழுதினார். பல நகரங்களில் நாளிதழ் வாசகர்களிடம் எவ்வளவு பயப்படுகிறீர்கள் என்று கேட்டு, அவர்கள் படிக்கும் நாளிதழில் வரும் குற்றச் செய்தி எப்படிப்பட்டது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உள்ளூரில் நடந்து, காரணம் எதுவும் தெரியாமல், யாருக்கு வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற தோற்றத்தில் வரும் செய்தி பயத்தைக் கூட்டியது. அதே மாதிரிச் செய்தி வெளியூரில் நடந்ததாக வந்தால் பயம் குறைந்தது. ஆமாம், குறைந்தது. "அங்கேதான் அநியாயம், நம்ம ஊர் தேவலை" என்று ஒரு நிம்மதி. கோலாலம்பூர் வெட்டுக்குத்தைப் படித்துவிட்டு தே தாரிக் தேநீரை நிம்மதியாக உறிஞ்சுகிறோமே, அது இந்தக் கணக்குதான்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று. செய்தியில் ரத்தம் எவ்வளவு என்பதைவிட 'எங்கே', 'ஏன்' என்ற இரண்டு வார்த்தைதான் பயத்தை ஏற்றி இறக்குகிறது. அந்த இரண்டையும்தான் அவசரச் செய்தியில் ஆகக் கேவலமாக எழுதுவோம். 'ஈப்போ அருகே' என்று போடுவார்கள். ஈப்போ அருகே என்றால் நாமும்தான், பத்து காஜாவும்தான், கோப்பெங்கும்தான். மூன்று ஊர்க்காரரும் தங்கள் வீட்டுப் பக்கம் என்று நினைத்துத் தாழ்ப்பாளைப் பார்ப்பார்கள். காரணமோ முதல் நாள் தெரியாது, 'விசாரணை நடைபெறுகிறது' என்று முடியும். காரணம் தெரியாத குற்றம் யாருக்கும் நடக்கும் குற்றமாகிவிடுகிறது.

ஒரே வாரத்துல நாலு சங்கிலிப் பறிப்பு வந்துச்சே. அலையா அடிக்குதுதானே?

அடித்தாலும் அடிக்கலாம். ஒரே கும்பல் இரண்டு மோட்டாரில் வட்டாரத்தைச் சுற்றி வந்து, பிடிபட்டதும் பறிப்பு அப்படியே நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அது உண்மையான அலை.

ஆனால் எழுத்திலேயே எழும் அலையும் உண்டு. நியூயார்க்கில் 1976 கடைசியில் முதியவர்களைத் தாக்கும் குற்றம் பெருகிவிட்டதாக நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் ஏழு வாரம் ஓயாமல் சொல்லின. மார்க் ஃபிஷ்மன் என்ற சமூகவியலாளர் போலீஸ் பதிவை எடுத்துப் பார்த்தார். முதியவர்களைக் குறிவைத்த தனிப் பெருக்கம் எதுவும் அதில் தெரியவில்லை. கொலையான முதியவர்கள் முந்தைய வருஷத்தைவிடக் குறைவு. ஒரு செய்தி வந்ததும் அதே மாதிரி இன்னொன்றை ஆசிரியர் தேடுகிறார், அதைப் பார்த்து அடுத்த நாளிதழும் தேடுகிறது. போன மாதம் நான்கு வரியில் முடிந்திருக்க வேண்டியது இந்த மாதம் 'மீண்டும்' என்ற சொல்லோடு தலைப்பாகிறது. அந்த 'மீண்டும்' கண்ணில் பட்டால், முந்தையது எங்கே, எப்போது நடந்தது என்று தேடிப் பாருங்கள். பல சமயம் வேறு மாநிலம்.

எங்கம்மாவுக்கு 74 வயசு. பேப்பரப் படிச்சிட்டு வெள்ளிக்கிழமை கோயிலுக்கே போறதில்ல. எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது?

பல நாடுகளில் எடுத்த கருத்தெடுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் இது. அதிகம் பயப்படுகிறவர்கள் வயதான பெண்கள். தெருவில் அதிகம் அடிபடுகிறவர்கள் இளவட்டப் பையன்கள். பையன்களிடம் பயமே கிடையாது.

அதற்காக அம்மாவின் பயம் மூடத்தனம் என்று சொல்லிவிடாதீர்கள். இருபது வயதுப் பையனைத் தள்ளிவிட்டால் முட்டி தேயும், எழுந்து ஓடுவான். 74 வயதில் தள்ளிவிட்டால் இடுப்பெலும்பு போகும், அத்தோடு நடையும் போகும். நடக்க வாய்ப்பு குறைவு, நடந்தால் சேதம் பெரிது. அவர் அந்தச் சேதத்தைத்தான் எண்ணிப் பார்க்கிறார். புள்ளிவிவரம் சொல்லி வாதாடாமல், தாலிக்கொடியை வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு, பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் பயம் பாதியாகிவிடும். நாளிதழை ஒளித்து வைப்பது உதவாது, கடைக்கு வந்து என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்வார்.

எல்லாச் செய்தியிலயும் நம்ம பேருதான் வருது. நம்ம ஆளுங்கதான் இவ்ளோ மோசமா?

தமிழ் நாளிதழ் தமிழர்களைப் பற்றி எழுதுகிறது. அடிபட்டவர் நம்மவர், அடித்தவன் நம்மவன் என்றால்தான் அது நம் நாளிதழுக்குச் செய்தி. சீன நாளிதழைப் படிப்பவருக்கு அதில் சீனப் பெயர்தான் கண்ணில் படும். ஆனால் நாம் ஒரே கண்ணாடியில் நம் முகத்தையே தினமும் பார்த்துவிட்டு, நாட்டின் முகமே இதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அதே சமயம், பிரச்சினையே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 இரகசியக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. சுமார் 40,000 உறுப்பினர்கள், பத்தில் ஏழு பேர் இந்தியர் என்றது. தோட்டம் துண்டாடப்பட்டு, வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்களின் கதை அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கதையை விட்டுவிட்டு எண் மட்டும் தலைப்பானது. அந்த வாரம் என் கடை முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். ஐந்தாம் படிவம் படிக்கும் மூன்று பையன்கள் கறுப்புச் சட்டையில் நின்று ஐஸ் கச்சாங் தின்றுகொண்டிருந்தார்கள். தமிழ்ப் பெண்மணி ஒருவர் கைப்பையை வலது தோளிலிருந்து இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, தெருவைத் தாண்டி அந்தப் பக்கமாகப் போனார். மூவரில் ஒருவன் அவருடைய தம்பி மகனோடு படிப்பவன். அவன் அதைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தான்.

பிடிச்சாச்சுன்னு போட்டாங்க. அப்புறம் என்ன ஆச்சுன்னு ஒருத்தனும் போடலையே?

போட மாட்டார்கள். வழக்கு முடிய வருஷக்கணக்காகும், அதற்குள் நிருபரே மாறிவிடுவார். 'ஏழு நாள் தடுப்புக் காவல்' என்றால் குற்றம் நிரூபணமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பிடித்த ஆளை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். 14 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்றால் மொத்தம் 14 நாள் வரை, அதற்குக் குறைந்தது என்றால் 7 நாள் வரை விசாரணைக்காக வைக்கலாம். அவ்வளவுதான். வெளியே வந்தவனைக் கண்டு "காசு குடுத்து வந்துட்டான்" என்று ஊர் பேசும். ஆளே அவன் இல்லை என்பதாகவும் இருக்கலாம்.

ரிப்போர்ட் கொடுத்தவர் நீங்கள் என்றால் நாளிதழை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். நான்கு வாரம் கழித்து, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று பாலாயில் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவு. எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

வீட்டுக்குள்ள அடிக்கிறது ஏன் பேப்பர்ல வர்றதில்ல?

சாவு விழுந்தால் வரும். அதுவரை அது 'குடும்ப விவகாரம்'. பெண்ணுக்கு நடக்கும் வன்முறையில் பெரும்பகுதி தெரிந்த ஆளிடமிருந்து வருவது. முதல் பக்கமோ தெருமுனை அந்நியனைக் காட்டிக்கொண்டிருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இலேயே இயற்றப்பட்டது. 15999 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். பிள்ளைகள் சம்பந்தப்பட்டது என்றால் பெயரும் படமும் வராமல் இருப்பது சட்டப்படி சரி, அதை மூடிமறைப்பு என்று நினைக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்புல முந்தியே வந்துடுதே, பேப்பர் எதுக்கு?

முந்தி வருவதில் பாதி எந்த வருஷத்துப் படம் என்றே தெரியாது. பிள்ளை பிடிக்கும் வெள்ளை வேன் எங்கள் ஊருக்கு எனக்குத் தெரிந்து நான்கு முறை வந்துவிட்டது, நான்கும் ஃபோனுக்குள்ளேயே. 2017-இலிருந்து 'செபெனார்ஞா' என்ற அரசாங்கத் தளம் வதந்திகளைச் சரிபார்த்துப் போடுகிறது. நாளிதழில் குறைந்தபட்சம் ஊர், தேதி, சொன்ன அதிகாரி என்று மூன்று விஷயம் இருக்கும்.

பெரியவங்க சொல்றாங்க, அந்தக் காலத்துல கதவே பூட்ட மாட்டோம்னு. அப்போ நல்லாத்தானே இருந்துச்சு?

எந்தக் காலம் என்று கேளுங்கள். 16 ஜூன் 1948 காலை இதே சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எல்பில் தோட்டம் அதில் ஒன்று. இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்குக் கணக்கு. 1960 வரை நீடித்தது. எந்த நாளிதழும் பெரிதாக்கத் தேவையில்லாத பயம் அது.

இருந்தாலும் என் பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன பூட்டாத கதவு லயத்துக் கதவு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக் கதவு. விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்பு) எல்லாரும் போனபின்னும் பிள்ளை மடுவத்து (குழந்தைக் காப்பகம்) ஆயாவும் நாலு கிழவிகளும் வாசலில் இருப்பார்கள். பூட்டின் வேலையை அந்தக் கண்கள் செய்தன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயம் இடிந்து நாம் தாமானுக்கு வந்தோம். கிரில் கதவுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் இருக்கிறோம். ஊரைப் பற்றி ஊர்க்காரர் வாயால் கேட்டது போய், நாளிதழைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. ருக்குன் தெத்தாங்கா எனும் அக்கம்பக்கக் காவல் அமைப்பு 1975-இலிருந்தே உண்டு. ராத்திரி ரோந்துக்கு ஆள் சேர்கிற இடத்தில், பறிப்பு குறைகிறதோ இல்லையோ, ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரிகிறது.

பேசாம பேப்பர் படிக்கறத நிறுத்திடவா?

என் பிழைப்பில் கை வைக்கிறீர்கள். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றபோதே என் கட்டு இளைத்துவிட்டது. நிறுத்தாதீர்கள், படிக்கும் வரிசையை மாற்றுங்கள். தலைப்பை விட்டுவிட்டு முதலில் இடத்தைப் பாருங்கள். அடுத்து, இருவரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களா என்று பாருங்கள். இரவுப் படுக்கப் போகும்போது படிக்காதீர்கள். இதைச் சொன்னது டாக்டர் இல்லை, நான்தான்.

நீங்க நிருபரா இருந்தப்போ மட்டும் வேற மாதிரியா எழுதினீங்க?

இல்லை. தோட்டத்திலிருந்து தமிழ்ப்பள்ளிக்குச் செம்பனை வழியாக ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. பிள்ளைகளைக் கொண்டுவிடும் அம்மாக்கள் பத்து நிமிஷத்தில் நடந்துவிடுவார்கள். ஒருநாள் அங்கே ஒரு மாதுவிடம் கத்தி முனையில் பணப்பையைப் பறித்துவிட்டார்கள். 'செம்பனைக் காட்டில் மர்ம ஆடவன், மாதர்கள் பீதி' என்று எழுதினேன். உண்மையில் அன்றைக்கு எந்த மாதரும் பீதியில் இல்லை, செய்தி வந்த மறுநாள்தான் ஆனார்கள்.

மூன்று வாரத்தில் ஆள் பிடிபட்டான். அந்த அம்மாவின் சொந்த அக்காள் மகன். அன்று அவர் கூட்டுப் பணம் (சீட்டுப் பணம்) எடுத்து வருகிறார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. யாருக்கும் நடக்கக்கூடிய குற்றமாக நான் எழுதியது அந்த ஒருவருக்கு மட்டுமே நடந்திருக்கக்கூடியது. அதையும் எழுதி அனுப்பினேன். "இது குடும்பச் சண்டை, இடமில்லை" என்றார்கள். நானும் வற்புறுத்தவில்லை. அதற்குள் அம்மாக்கள் பெரிய ரோட்டு வழியாக, லாரிகள் போகும் ஓரத்தில் பிள்ளைகளோடு நடக்கப் பழகிவிட்டார்கள்.

ஓரிரண்டு பேரிடம் நேரிலேயே சொன்னேன், ஆள் பிடிபட்டாச்சு, பயமில்லை என்று. "பேப்பர்ல வரலையே தம்பி" என்றார்கள். அந்தப் பாதை இருந்த இடத்தில் இப்போது லாலாங் புல் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது.